பன்னிரண்டு புள்ளிக்குள் சம்பந்தி வீட்டுப் பெயர்

சின்னப் புள்ளிக்குச் சீன மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் சீன எழுத்துகளை வரைவதுதான் அவருக்குப் பிழைப்பு. இதைக் கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள், பிறகு இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

கணினிக்கான இயங்குதளம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், எழுத்துருப் பிரிவில் அவருக்கு வேலை. கணினியைத் திறந்ததும் திரையில் வருகிறதே சின்னச் சின்ன எழுத்து, கோப்பின் பெயர், பட்டியல், 'சேமிக்கவா, வேண்டாமா' என்ற நச்சரிப்பு, இதெல்லாம் சீனம் படிப்பவர்களுக்குச் சீனத்தில் வர வேண்டும் அல்லவா? அந்தச் சின்ன அளவில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைத்தவர் இவர். உயரத்தில் பன்னிரண்டு புள்ளி, அகலத்தில் பன்னிரண்டு புள்ளி. அதற்குள் எது கறுப்பு, எது வெள்ளை என்று முடிவு செய்து செய்தே மண்டையில் இருந்த முடியெல்லாம் போய்விட்டது. பிரிவின் மேலாளர், பிரம்மாண்டமான மீசையோடு, எதிரே வருகிறவர்கள் ஒதுங்கியே ஆக வேண்டும் என்பதுபோல் நடப்பார். அதனால் அவரை எல்லோரும் 'பெரிய புள்ளி' என்றார்கள், முதுகுக்குப் பின்னால்தான். புள்ளி வைப்பவருக்குச் 'சின்னப் புள்ளி' என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதை மட்டும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அதற்கு முன்னால் அவர் ஒரு துணி ஆலையில் கட்டம் போட்ட தாளில் பூவும் கரையும் வரைந்துகொண்டிருந்தார். ஆலை மூடியது. வேலை கேட்டு வந்தவரிடம், "கட்டத்துக்குள்ள பூ வரையறவருக்கு எழுத்து வரைய வராதா?" என்று சொல்லி உட்கார வைத்தார் பெரிய புள்ளி. வரத்தான் செய்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளிக்கு அங்கே இருப்பவர்கள் முகமெல்லாம் அத்துப்படி, பெயர்தான் தெரியாது. சீன எழுத்துகளோடு இவருடைய பழக்கமும் அந்த மாதிரிதான். ஆயிரக்கணக்கான எழுத்துகளை முகம் பார்த்துச் சொல்வார். அர்த்தம் கேட்டால் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

சீன எழுத்துகளில் சிலவற்றுக்கு உடம்பு முழுக்கக் கோடு. பன்னிரண்டு புள்ளிக்குள் அடங்கவே அடங்காது. அப்போது சின்னப் புள்ளி ஒரு கோட்டைக் கழற்றிவிடுவார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். படிக்கிறவர் கண் அதை நிரப்பிக்கொள்ளும். சீனம் படிக்கத் தெரிந்த சரிபார்ப்பாளர் ஒருவர் எதிர் மேசையில் இருந்தார். அவர் நிமிராமல் "ம்" என்றால் எழுத்து தேறிவிட்டது என்று அர்த்தம். எந்தக் கோடு போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று சின்னப் புள்ளி இதுவரை யாரையும் கேட்டதில்லை. தன் இஷ்டத்துக்கு வெட்டினார், தன் இஷ்டத்துக்கு விட்டார். வீட்டில் செல்லுபடியாகாத அதிகாரத்தை மனிதர் வேறு எங்கேதான் காட்டுவார்?

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கணினிக்குள் எழுத்து என்று ஒன்றும் கிடையாது. இருப்பதெல்லாம் எண். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்த எண் வந்தால் எழுத்துரு அதற்கான படத்தைத் திரையில் காட்டும். முன்பெல்லாம் சீன எழுத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தால் குப்பையாக வரும். பிறகு யூனிகோடு என்ற பொதுப் பட்டியல் வந்து எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. அப்படியும் அபூர்வமான சில எழுத்துகள் எந்தப் பட்டியலிலும் இடம் கிடைக்காமல் வெளியே நின்றன. அவற்றின் இடத்தில் வெறும் கட்டம்தான் வரும். இதற்காகவே பட்டியலில் சில எண்களை யாருக்கும் தராமல் காலி மனையாக விட்டிருந்தார்கள். வேண்டியவர்கள் தங்களுக்கு வேண்டிய எழுத்தை வரைந்து அங்கே குடிவைத்துக்கொள்ளலாம். பட்டா கிடையாது, வேலி கிடையாது. ஒரே மனையில் இரண்டு பேர் வீடு கட்டினால் கேட்க நாதி இல்லை.

புது எழுத்துரு திரையில் ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்க, எந்த எழுத்தோடும் குழம்பாத ஒரு படம் வேண்டும். சீனம் தெரியாத சின்னப் புள்ளி எதை வரைந்தாலும் அது எங்கேயாவது ஓர் எழுத்தாக இருந்து தொலைத்தது. ஆகவே ஒருநாள், பெரிய புள்ளி விடுமுறை தர மறுத்த எரிச்சலில், ஒரு காலி மனையில் அவருடைய முகத்தையே வரைந்து வைத்தார். இரண்டு கண், கீழே ஒரு மீசை. முகத்தில் பாதி மீசைதான். வெளியீட்டுக்கு முன்னால் அழித்துவிட வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டார். அவருடைய மனசு குறித்துக்கொண்ட விஷயங்கள் எதுவும் அதன் பிறகு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மீசை இயங்குதளத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய்விட்டது.

இப்போது கல்யாணத்துக்கு வருவோம். சின்னப் புள்ளிக்கு ஒரே மகள். மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். கற்றுக்கொடுத்தது ஒரு சீனத்து அம்மாள். கணவர் இறந்தபின் ஒற்றை ஆளாகப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு ஆயுசு முழுக்கச் சண்டை போட்டதில் அவருக்குத் தமிழ் சரளமாக வந்துவிட்டிருந்தது. மகள் ஓட்டுநர் தேர்வில் தோற்றாள். மறுபடி தோற்றாள். அந்த அம்மாளின் மகன் ஆறுதல் சொல்ல வந்தான். ஆறுதல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் தேர்வில் தேறியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

சம்பந்தியம்மா நகை கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நிபந்தனை ஒன்றே ஒன்று.

"எங்க வீட்டுக்காரர் குடும்பப் பேரு ரொம்ப அபூர்வமான எழுத்து, சம்பந்தி. எந்தக் கம்ப்யூட்டர்லயும் கிடையாது. கரண்ட் பில்லுல வெறும் கட்டம். பேங்க்ல கட்டம். ஆஸ்பத்திரிக் கட்டில்ல மாட்டின அட்டையிலயும் கட்டம். செத்த சர்டிபிகேட்ல, பார்க்க அதே மாதிரி இருக்குன்னு வேற எவன் பேரையோ போட்டுட்டாங்க. என் பையன் கல்யாணத்துலயாவது அந்தப் பேரு பேரா வரணும். வந்தா சாட்சிக் கையெழுத்து போடுவேன். வரலைன்னா நான் போட மாட்டேன், அவனும் கட்டிக்க மாட்டான்."

மகன் தலையை ஆட்டினான். ஆட்டிய விதத்திலேயே அது வெறும் பேச்சு இல்லை என்று தெரிந்தது. மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

சின்னப் புள்ளி நெஞ்சை நிமிர்த்தினார். "அட, இதுக்கா கவலைப்படறீங்க? என் தொழிலே அதுதானே! நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர் அவர் மனைவி. வருகிறவர் நடையை வைத்தே எந்தப் பக்கம் வலி என்று சொல்லிவிடுவார். கணவர் நெஞ்சை நிமிர்த்துவதைப் பார்த்ததும் இதுவும் வலியில்தான் முடியும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். அதற்குப் பிறகு சின்னப் புள்ளி செய்த காரியம் ஒன்றே ஒன்று. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "பதிவு ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன், அவங்களே வரைஞ்சு ஏத்திட்டாங்க" என்றான் மாப்பிள்ளை. அதோடு தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் பெயரைப் பதிவு அலுவலகக் கூடத்தில் ஒரு திரையில் போடுவார்கள், ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று. பெயர் ஏறிவிட்டது என்று தகவல் வந்ததும் சம்பந்தியம்மா தன் பயிற்சிக் காரில் வந்து இவர்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனார். மாப்பிள்ளைக்கு அன்று வேலை. சம்பந்தியம்மா நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார். கூடத்தில், தரையோடு முடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தாண்டி, திரைக்கு நேர் கீழே போய் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

பொடி எழுத்தில் வரிசையாக ஜோடிகள். ஆறாவது வரியில் மகளின் பெயர். அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெயர். சீனத்தில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். அந்த முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண், கீழே ஒரு மீசை.

சின்னப் புள்ளி மெதுவாக மனைவியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், இவ்வளவு சின்ன அளவிலும் ஆளை அச்சாக அடையாளம் தெரிகிறதே என்று ஒரு கணம் பெருமையும் வந்தது.

"அப்பா," மகள் மெதுவாகக் கேட்டாள், "இது உங்க மேனேஜர் இல்ல?"

"சும்மா இரு. இது ஏதோ சர்வர் கோளாறு" என்றார் சத்தமாக.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். எந்தப் பல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கவுண்டரில் இருந்த எழுத்தர் நல்ல மனிதர். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "நாங்க பழைய மெஷின்ல அந்த எழுத்தை வரைஞ்சு ஒரு காலி நம்பர்ல வெச்சிருந்தோம்மா. அப்புறம் எல்லாத்தையும் புது மெஷினுக்கு மாத்தினாங்க. நம்பர் வந்துடுச்சு, நாங்க வரைஞ்ச படம் வரலை போல. புது மெஷின் தன்கிட்ட அந்த நம்பர்ல இருந்ததை எடுத்துக் காட்டுது. நாங்க இதுவும் ஏதோ ஒரு சீன எழுத்துன்னு நெனைச்சுட்டோம்."

சம்பந்தியம்மா திரும்பி நடந்தார். வாசலுக்கு வந்து, கார்ச் சாவியைச் சின்னப் புள்ளியிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க. இப்ப நான் ஓட்டினா யார் மேலயாவது ஏத்திடுவேன்."

அது பயிற்சிக் கார். கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. சம்பந்தியம்மா தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தார். பின்னால் அம்மாவும் மகளும். கொஞ்ச தூரம் போனதும் சம்பந்தியம்மா அழத் தொடங்கினார். கோபத்தில் வருகிற அழுகை. இடையிடையே திட்டு வேறு.

"கட்டமே தேவல, சம்பந்தி. கட்டம்னா தெரியாதுன்னு அர்த்தம். இது கேலி. அவர் பேரை எவனோ ஒருத்தன் உக்காந்து கேலி பண்ணியிருக்கான். அவன் மட்டும் கையில கெடைச்சான், அந்தக் கையை உடைச்சுப் போடுவேன்."

சின்னப் புள்ளி ஸ்டியரிங்கின் மேல் இருந்த தன் கையைப் பார்த்தார். பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பக்கத்தில் அழுகிற மனுஷியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் வரைஞ்சேன்" என்றார்.

கார் நடுச்சாலையில் குலுங்கி நின்றது. அவர் பிரேக்கை மிதிக்கவில்லை.

பின்னாலிருந்து மனைவியின் குரல் மட்டும் நிதானமாக வந்தது. "கையை உடைக்கறதுன்னா வீட்டுக்குப் போய் உடைங்க, சம்பந்தி. நான் தடுக்க மாட்டேன். இங்க பின்னாடி லாரி நிக்குது."

வீடு வந்து சேரும் வரை சின்னப் புள்ளி விளக்கம் சொன்னார், காலி மனை, சோதனை, விடுமுறை, மறதி என்று. பாதி உளறல். இறங்கும்போது சம்பந்தியம்மா அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நாளைக்கு உங்க ஆபீசுக்கு வரேன். பக்கத்துல உக்காருவேன். எனக்குத் தெரியாம ஒரு புள்ளிகூட வெக்கக் கூடாது. பேரு வந்தா கல்யாணம்."

மறுநாள் முதல் வேலையாகச் சின்னப் புள்ளி பெரிய புள்ளியிடம் போய் ஒப்புக்கொண்டார். படத்தைக் காட்டச் சொன்னார் பெரிய புள்ளி. வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு கனமாவா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அடுத்த திருத்த வெளியீட்டில் அந்த முகத்தை நீக்க உத்தரவு போட்டார். மதியம் அவர் வெளியே போய்த் திரும்பி வரும்போது அவருடைய நிஜ மீசை பாதியாகக் குறைந்திருந்தது.

சம்பந்தியம்மா சின்னப் புள்ளியின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பெரிய தாளில் அந்த எழுத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்தார். இடது பக்கம் நெட்டுக்குத்தலாக ஒரு கோடு. வலது பக்கம் மாடி மேல் மாடியாக ஏழு குறுக்குக் கோடுகள். சின்னப் புள்ளி எங்கேயாவது தப்பாகப் போனால் அந்த அம்மாளின் கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதிக்கும். சான்றிதழில் அச்சாவதற்கான பெரிய அளவு சிரமம் இல்லாமல் முடிந்தது. தாளில் இடம் தாராளம். கோடு ஏழும் ஜம்மென்று உட்கார்ந்தன. எதிர் மேசை சரிபார்ப்பாளர் எழுந்து வந்து பார்த்து, வாழ்க்கையில் முதல்தடவையாக "ம்" என்பதற்குப் பதிலாக "அழகு" என்றார்.

திரைக்கான சின்ன அளவில்தான் வண்டி நின்றது. பன்னிரண்டு புள்ளி வரிசையில் ஒன்றை, மேலே இருக்கும் பெயரோடு ஒட்டாமல் இருக்கக் காலியாக விட வேண்டும். மிச்சம் பதினொன்று. ஏழு கோட்டுக்கு ஏழு வரிசை, நடுவில் ஆறு இடைவெளி, ஆகப் பதின்மூன்று. எந்தக் கொம்பன் வந்து வரைந்தாலும் அடங்காது.

"ஒரு கோட்டை எடுத்துடலாம், சம்பந்தியம்மா. பார்க்கறவங்களுக்குத் தெரியாது."

"யாரைக் கேட்டு எடுப்பீங்க?"

சின்னப் புள்ளி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எத்தனையோ எழுத்துகளில் எத்தனையோ கோடுகளை வெட்டியவர். இந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

"பதிமூணாவே வைங்க" என்றார் சம்பந்தியம்மா.

வைத்தார். வைத்ததைத் திரையில் போட்டுக் காட்டினார். எழுத்து மேல்வரிக்குள் ஏறி, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பெயரை இடித்துக்கொண்டு நின்றது. சம்பந்தியம்மாவே முகத்தைச் சுளித்தார். "ச்சே, வேண்டாம். அடுத்தவங்க பேரு மேல ஏறி நின்னுதான் இவர் பேரு தெரியணுமா? எடுங்க அதை."

"அப்போ நீங்களே சொல்லுங்க. எந்தக் கோட்டை எடுக்கட்டும்? நீங்க சொன்னாத்தான் எடுப்பேன். வேண்டாம்னா, ஆபீஸ்ல கெஞ்சி இந்த ஒரு பேரை மட்டும் பெரிசாப் போடச் சொல்றேன். அதுவும் முடியாதுன்னா..." முடியாதென்றால் மகளிடம் போய் என்ன சொல்வது?

சம்பந்தியம்மா மேசை மேல் விரலால் அந்த எழுத்தை எழுதிப் பார்த்தார். நிதானமாக ஒருமுறை, கொஞ்சம் வேகமாக இன்னொருமுறை. மூன்றாவது தடவை அந்தக் கை அவருடைய கை மாதிரியே இல்லை. ஓடிக்கொண்டே கிறுக்குகிற யாரோ ஒருவருடைய கையாக இருந்தது. சட்டென்று விரல் நின்றுவிட்டது. ஏதோ சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

"இது. மேலேர்ந்து நாலாவது. இதை எடுத்துடுங்க."

"நிச்சயமாவா?"

"அவர் இதைப் போட்டதே இல்ல, சம்பந்தி. லிப்ட் ரிப்பேர் பண்ற மனுஷன், எப்பவும் பறந்துக்கிட்டே இருப்பார். எங்க கல்யாணத்துக்குக் கையெழுத்து போடும்போதே இந்தக் கோட்டைக் காணோம். எங்கன்னு கேட்டேன். யாரோ லிப்ட்ல மாட்டிக்கிட்டிருக்காங்க, வந்து போடறேன்னார். அப்புறம் எங்க போட்டார்? சோம்பேறி. சொந்தப் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாதான்னு நான் திட்டாத நாள் கிடையாது."

சின்னப் புள்ளி நாலாவது கோட்டை எடுத்தார். ஆறு கோடு, ஐந்து இடைவெளி, பதினொன்று. அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. சம்பந்தியம்மா திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, அங்கே உட்கார்ந்திருக்கிற யாரையோ வைவதுபோல், சீனத்தில் ஏதோ சொன்னார். சின்னப் புள்ளிக்கு வழக்கம்போல் அர்த்தம் தெரியவில்லை. எதிர் மேசைக்காரர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சின்னப் புள்ளி அந்த எழுத்தைப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தார். கல்யாணத்தன்று அங்கே கூடத்தின் திரையில் மாப்பிள்ளையின் பெயர் ஒழுங்காக இருந்தது. மீசை இல்லை, கட்டம் இல்லை. எழுத்தர் சான்றிதழை அச்செடுத்து வைத்துக்கொண்டு, தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முன்பு பட்ட அடி மனிதரை உஷாராக்கியிருந்தது.

"அம்மா, கொஞ்சம் இருங்க. தாள்ல ஏழு கோடு இருக்கு, திரையில ஆறுதான் இருக்கு. மறுபடியும் தப்பா வந்திருக்கு போல. சொன்னீங்கன்னா ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிடறேன்."

சின்னப் புள்ளி எழுந்து விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

சம்பந்தியம்மா பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"தப்புதான் தம்பி. அவர் தப்பாத்தான் எழுதுவார். அதுல கை வெச்சுடாதீங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து கையெழுத்துப் போட்டார்.